தெரியுதா என்று கேட்காதவள்

ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவில் அவளுக்குக் குத்தூசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சட்டையில் ஒரு வில்லையாகக் குத்தியிருக்கும். அதைப் படித்தவர் யாருமில்லை. "குத்தூசி இன்னிக்கு டூட்டியா?" என்று வாசல் காவலாளியிடம் விசாரித்து, ஆமாம் என்றால் அப்படியே பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிவிடுகிறவர்கள் இருந்தார்கள். சர்க்கரைக்குப் பயப்படாத ஜனம் அவளுக்குப் பயந்தது. பயம் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அவளைக் கண்டாலே ஆகாது, அவ்வளவுதான்.

அவளும் சளைத்தவள் இல்லை. வருகிறவர்களை அவளுக்கும் கண்டாலே ஆகாது. ஆகாமல்தானே போகும்? காலை ஸ்டூல்மேல் தூக்கி வைக்கும்போதே ஒரு பொய்யையும் சேர்த்துத் தூக்கி வைக்கிற கூட்டம். "வெறுங்காலோட நடக்கறதே இல்ல சிஸ்டர்" என்பார் ஒரு பெரிய மனுஷர்; குதிகால் வெடிப்பில் தெருப்புழுதி அப்பிக் கிடக்கும். "தினமும் காலைப் பாத்துட்டுத்தான் படுக்கறேன்" என்பாள் ஓர் அம்மாள். விரலிடுக்கு வெள்ளையாக ஊறிப்போய் எத்தனையோ நாளாகியிருக்கும். "உங்க வாய்க்குக் கொஞ்சம் லீவு குடுங்க, கால் பேசட்டும்" என்பாள் குத்தூசி. இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

காலைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் செருப்பு. கவிழ்த்துத் தட்டுவாள், உள்ளே கையை விட்டுத் தடவுவாள். ஒரு தடவை ஒரு லாரி டிரைவரின் ஷூவுக்குள்ளிருந்து சட்டைப் பொத்தான் விழுந்தது. "இதையும் கூட்டிக்கிட்டா ஊர் சுத்தினீங்க?" என்று கேட்டாள். அப்புறம் நகம், விரலிடுக்கு, பாதம். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். இரண்டு விரலால் பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி தேடுவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த நைலான் இழை வெளியே வரும்.

பேனா மாதிரி ஒரு பிடி, அதன் முனையில் ஒற்றை நைலான் இழை. பாதத்தில் வைத்து இழை வளைகிற மட்டும் அழுத்த வேண்டும். உறைக்கிற காலுக்கு அது தெரியும். அது தெரியாத கால் ஆணியை மிதித்தாலும் சொல்லாது, நெருப்பை மிதித்தாலும் சொல்லாது. ஊமை வேலைக்காரன் மாதிரி வீட்டுக்குள் என்ன நடந்தாலும் வாயைத் திறக்காது.

"கண்ணை மூடுங்க. படறப்போ 'ம்'னு சொல்லுங்க. படலேன்னா சும்மா இருங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்." இதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அந்த மௌனத்தில்தான் வந்தவர்களுக்கு வேர்க்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு நர்ஸ் இருந்தாள். எல்லோருக்கும் அவள் சிரிப்பு சிஸ்டர். "இங்க தெரியுதா அண்ணே?" "தெரியுதும்மா." "இங்க?" "நல்லாத் தெரியுது." "சூப்பர் காலு அண்ணே, போயிட்டு வாங்க!" அங்கே கடகடவென்று வரிசை நகரும். எல்லோரும் பாஸ். ஃபெயில் என்ற பேச்சே இல்லை. குத்தூசி தடுப்பைத் தாண்டிக் கத்துவாள்: "கேட்டுக்கேட்டுத் தொட்டா கழுதைகூடத் தெரியுதுன்னுதான் சொல்லும்! உன் குரல் தெரியுதுடீ அவருக்கு, இழை தெரியல!" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டால் இவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரியும்.

வீட்டிலும் இதே கதைதான். பஸ் ஓட்டுகிற புருஷன் வேலைக்குக் கிளம்பினால் அவன் ஷூவைப் பிடுங்கிக் கவிழ்த்துத் தட்டாமல் விட மாட்டாள். "எனக்குச் சுகரே இல்லடீ" என்பான். "வர்றதுக்கு லெட்டர் போட்டுட்டா வரும்?" என்பாள்.

இவ்வளவு கோபம் ஒருத்திக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவளுடைய அம்மாவின் காலிலிருந்துதான்.

அம்மாவுக்கும் சர்க்கரை. அம்மா அக்காவோடு இருந்தாள். அக்கா தையல்காரி, முன்னறையில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கால்விரல் ஒன்று கறுத்தது. குத்தூசி போய்ப் பார்த்துவிட்டு, இந்த விரலை இப்போதே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காலே போகும், அப்புறம் ஆளே போகும் என்றாள். அவளுக்குப் பூசி மெழுகிப் பேச வராது. அக்கா அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஆஸ்பத்திரியில வேலை பாத்துப் பாத்து உனக்கு மனுஷங்க எல்லாம் கறிக்கடையா தெரியறாங்களா? பெத்தவளை வெட்டணும்னு வந்து நிக்கறே!" வார்த்தை தடித்தது. "இனி செத்தாலும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு இவள் வந்துவிட்டாள். அக்கா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அம்மா செத்த சேதி, எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான் இவளுக்கு வந்தது, அதுவும் யாரோ மூன்றாம் மனுஷர் வாய்வழியாக. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அன்றைக்கு அவள் அதற்கும் ஒரு படி மேலே கண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அக்காவுக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டாள். 'வரட்டும்' என்று நினைத்தாள். நல்ல நினைப்பு இல்லைதான். ஆனாலும் நினைத்தாள்.

அப்படிப்பட்ட அக்கா ஒரு நாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு குத்தூசியின் அறைவாசலில் வந்து நின்றாள்.

அன்று சிரிப்பு சிஸ்டர் லீவு. அது தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டாள். குத்தூசியைப் பார்த்ததும் அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வேற ஆளே இல்லையா இந்த ஆஸ்பத்திரியில?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் சித்தியைப் பார்த்து, "அம்மாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், சித்தி. மிஷினோட மிதிகட்டையில ஏதோ ஈரமா இருந்துச்சு. துடைச்சேன். மறுநாளும் இருந்துச்சு. அப்புறம் பாத்தா அம்மா கால்ல இருந்துதான் வருது" என்றாள்.

"என் காலுக்கு ஒண்ணும் இல்ல. போன தடவை வந்தப்போ அந்தப் பொண்ணு பாத்துட்டு சூப்பர் காலுன்னு சொல்லிச்சு. எங்க தொட்டாலும் தெரியுதுன்னுதான் சொன்னேன்" என்றாள் அக்கா.

போன தடவையும் வந்திருக்கிறாள். தான் இல்லாத நாளாகப் பார்த்து வந்துபோயிருக்கிறாள். 'போ, அந்தச் சிரிக்கிறவகிட்டயே போய்க் காட்டு' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் டாக்டர் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், காய்ச்சலோட வந்திருக்காங்க, முதல்ல காலைப் பாத்துச் சொல்லுங்க" என்றுவிட்டுப் போனார்.

குத்தூசி ஸ்டூலைக் காலால் தள்ளி அக்காவின் முன்னால் போட்டாள்.

செருப்பைத் தட்டினாள். நகம் பார்த்தாள். விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். நாடி இருந்தது, நன்றாகவே இருந்தது. பாதத்தில் புறங்கையை வைத்தபோது, கட்டைவிரலுக்குக் கீழே, மிதிகட்டையில் அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன இடம் கொதித்தது. காய்ப்பின் ஓரத்தில் கசிவு. மகளைப் பார்த்து, "கண்ணை மூடிக்கச் சொல்லு. படறப்போ 'ம்'. இல்லேன்னா சும்மா இருக்கணும்" என்றாள். மகள் அதையே அம்மாவிடம் சொன்னாள். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இவள் இழையை எடுத்து இன்னும் கிட்டக்கூடக் கொண்டுபோகவில்லை. "ம்" என்றாள் அக்கா.

இவள் அக்காவின் கட்டைவிரல் நுனியில் வைத்து அழுத்தினாள். இழை வளைந்தது. சத்தமில்லை. எடுத்துவிட்டாள். "ம்." காய்ப்பைச் சுற்றி வைத்தாள், குதிகாலில் வைத்தாள். அக்காவின் 'ம்' அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தையல் விழுகிற மாதிரி சீரான இடைவெளியில், பட்டாலும் படாவிட்டாலும். சிரிப்பு சிஸ்டரிடம் கேள்விக்குக் கேள்வி தாளம் போட்டுப் பழகின வாய். இங்கே கேள்வி இல்லை. அக்காவுக்குத் தன்னிடம் கேள்வி கேட்க இந்தத் தங்கைக்கு இஷ்டமில்லை என்று தோன்றியிருக்கும். அதனால் தாளத்தை அவளே போட்டுக்கொண்டாள்.

குத்தூசி இழையை மேஜையில் வைத்தாள். எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ம்... ம்... ம்..." என்றாள் அக்கா.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணைத் திற."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்காவிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அக்கா கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்தாள், காலியாகக் கிடந்த ஸ்டூலின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள், சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள்.

"நாடகமா ஆடறே? நான் கண்ணைத் திறக்கறப்போ ஓடிப் போய் அங்க நின்னுக்கிட்டே. எனக்குத் தெரியாதா உன்னை? அம்மா காலை வெட்டணும்னு நின்னவ. அது நடக்கல. இப்போ என் காலுக்குக் கத்தி தீட்டறே!"

"அம்மா," என்றாள் மகள். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சித்தி ரொம்ப நேரமா அங்கதான் நிக்கறாங்க. உன்னைத் தொடவே இல்ல."

குத்தூசி ஒரு கைக்கண்ணாடியை எடுத்துப் பாதத்துக்குக் கீழே பிடித்தாள். மஞ்சளித்துத் தடித்த காய்ப்பு, அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி. இன்னொரு கையால் அந்தப் புள்ளியைச் சுற்றி அழுத்தினாள், கசிவு வந்தது. கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது, காலில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு 'ம்' வரவில்லை.

எக்ஸ்ரேயில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. டாக்டர் காய்ப்பைச் செதுக்கி, இடுக்கியால் இழுத்துத் தட்டில் போட்டார். தையல் மிஷின் ஊசியின் உடைந்த முனை. அக்காவுக்கு அதை அடையாளம் தெரியாமல் போகுமா? மகளுக்கும் தெரிந்தது. "அன்னிக்கு ஊசி ஒடஞ்சப்போ பாதி கிடைக்கலைன்னு காந்தத்தை வச்சு வீடு முழுக்கத் தேடினியே. ஒழுங்காக் கூட்டத் துப்பில்லைன்னு என்னைப் போட்டுத் திட்டினியே" என்றாள். வீடு முழுக்கத் தேடினது காலுக்குள் இருந்திருக்கிறது. தேடி நடந்த ஒவ்வொரு நடையிலும் உள்ளே போயிருக்கிறது.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். சீழ் எலும்பு வரைக்கும் இன்னும் போகவில்லை. போய்விட்டால் காலை எடுக்க வேண்டிவரும். மாத்திரை தவறக் கூடாது, கால் தரையில் அழுந்தக் கூடாது, ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும், மிஷினை மிதிக்கவே கூடாது.

அக்கா எழுந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். போகிறபோது தங்கையின் பக்கம் திரும்பாமலே, "உலகத்துல இத்தனை பேர் இருக்க, இதை உன் கையாலதான் பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்றாள்.

"பாக்காம இருந்திருந்தா காலில்லாம எழுதியிருக்கும்" என்றாள் குத்தூசி.

அக்கா இரண்டு தடவை கட்டு மாற்ற வந்தாள். மூன்றாம் தடவை வரவில்லை. 'வராட்டிப் போறா. எனக்கென்ன வந்துச்சு' என்று குத்தூசி மருந்துத்தட்டின் மூடியைப் படாரென்று போட்டாள். அன்று முழுக்க யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தாள். மறுநாள் மகள் தனியாக வந்தாள். "வலிக்கவே இல்லையாம் சித்தி. வலிச்சாத்தானே புண்ணு, இது புண்ணே இல்லங்கறாங்க. ஸ்கூல் சட்டை தைக்க ஒத்துக்கிட்டிருக்காங்க. காலையில இருந்து மிதிச்சிக்கிட்டே இருக்காங்க. நான் சொன்னா அடிக்க வர்றாங்க."

வலி இல்லாததைச் சுகம் என்று நினைக்கிற புத்தி! அம்மாவும் அதைத்தான் சொன்னாள். வலிக்கல சின்னவளே, விடு என்றுதான் சொன்னாள். குத்தூசி கட்டுத்துணியும் மருந்தும் கையுறையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. அந்தக் கடகட ஒவ்வொன்றும் பாதத்தில் ஒரு மிதி என்று அவளுக்குத் தெரியும். ஏறக்குறைய ஓடினாள். வாசல் வரைக்கும் வந்தவள் படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே அம்மா படுத்திருந்த கட்டில் இருந்த இடத்தில் இப்போது வெட்டின துணி குவிந்து கிடந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மிஷின் நின்றது. "உள்ள வராதே."

"வர்றதா யாரு சொன்னா? இந்தப் படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னவ நான். சொன்னா சொன்னதுதான். காலை வெளிய நீட்டு."

"முடியாது. போடீ."

"நீட்டலேன்னா இங்கயே நின்னு கத்துவேன். உன் கால் அழுகற கதையைத் தெருவே கேக்கட்டும். உன்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கறவ எல்லாம் கேக்கட்டும்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்காவுக்கு மானம் பெரிது. மகள் ஒரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட, அக்கா வந்து உட்கார்ந்து காலைப் படிக்கு வெளியே நீட்டினாள். குத்தூசி ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தெருப்பக்கம் உட்கார்ந்தாள். கட்டு நனைந்து ஊறியிருந்தது. "தூ," என்றாள், "உனக்கெல்லாம் கால் ஒரு கேடு." பிரித்து, கழுவி, மருந்து வைத்து, புதுக்கட்டுப் போட்டாள். போகும்போது மிஷின் சக்கரத்து வாரைக் கழற்றிக் கொடுக்கும்படி மகளிடம் சொல்லி, அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

"திருடி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதற்கப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள், வேலை முடிந்ததும், அந்தப் படிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கால் மட்டும் படியைத் தாண்டி வந்து போகும். பேசினால் சண்டை, பேசாவிட்டாலும் சண்டைதான், என்ன, சத்தம் வராது. தெருவில் போகிறவர்களுக்கு இது பழகிப்போயிற்று. புண்ணுக்கு மட்டும் இந்த ரோஷம் தெரியவில்லை. ஓரம் சிவந்து, பள்ளம் தூர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் மூடிக்கொண்டு வந்தது. சிரிப்பு சிஸ்டர்கூட ஒரு நாள் தடுப்பைத் தாண்டி வந்து, "அக்கா காலு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "உன் சூப்பர் காலு பொழச்சிக்கிச்சு" என்றாள் குத்தூசி. அன்று சிரிப்பு சிஸ்டர் சிரிக்கவில்லை.

கட்டு மாற்ற வேண்டிய நாட்கள் அநேகமாக முடிந்துவிட்டன. அன்று புண் இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் தெரிந்தது. குத்தூசிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவளுடைய சந்தோஷமும் குத்திக்கொண்டேதான் வெளியே வரும்.

"என் பேச்சைக் கேட்டதால கால் நிக்குது. அம்மாவும் கேட்டிருந்தா இன்னிக்கு உக்காந்திருப்பா" என்றாள், குதிகாலைக் கையில் ஏந்தியபடி.

அக்கா கல்லை எடுத்து எறிகிற மாதிரி சொன்னாள்.

"அம்மா கேக்கலைன்னு யாருடீ சொன்னா? கேட்டா. கடைசியில உன்னைத்தான் கேட்டா. சின்னவளைக் கூப்பிடு, அவ சொன்ன ஆஸ்பத்திரிக்கே போறேன், என்னவேணா வெட்டிக்கட்டும்னா. வாசல்ல சத்தம் கேட்டா நீதான் வந்துட்டேன்னு தலையைத் தூக்கிப் பாப்பா. நான்தான் கூப்பிடல."

"ஏன்?"

"கூப்பிட்டா நீ சொன்னது சரின்னு ஆயிடும். அதான்."

சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பு கேட்கிற குரல் இல்லை அது. வேண்டுமானால் இதையும் வாங்கிக்கொள் என்கிற குரல்.

குத்தூசியின் கட்டைவிரல் அக்காவின் குதிகாலில் இருந்தது. அழுத்தினாள். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் அந்த விரலுக்குக் கொண்டுவந்து அழுத்தினாள். அம்மா தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததற்காக அழுத்தினாள். அக்கா கத்த வேண்டும், ஒரு தடவையாவது அம்மா என்று கத்த வேண்டும். இவளுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. அக்கா சைக்கிளில் போகிற யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் இவள் மடியில் அது பாட்டுக்குக் கிடந்தது.

விரலை எடுத்தாள். குதிகாலில் வெள்ளையாக ஒரு குழி விழுந்திருந்தது. மெல்ல நிறம் திரும்பிற்று. இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காததை அப்போது அவள் கேட்டாள்.

"தெரியுதா?"

அக்கா திரும்பினாள். தன் காலைப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், அது நனைந்திருந்ததைப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள்.

குத்தூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையிலிருந்து புதுக்கட்டை எடுத்தாள். "காலை ஆட்டாதே" என்றாள்.